தமிழைக் கைவிட முன் பிள்ளையின் காதைப் பாருங்கோ

எங்கட மகனோடு வீட்டில் தமிழ் கதைப்பதை ஏழு மாதம் நிறுத்தி வைத்தோம். அப்போது அவனுக்கு மூன்று வயது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். தமிழ், தமிழ் என்று பெரிய கதை கதைக்கிற குடும்பம் எங்களுடையது. இவர் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். மாமி எங்களோடுதான் இருக்கிறா. அப்படியிருந்தும், ஒரு பின்னேரம் நேர்சரி வாசலில் வைத்து ஒரு ஆசிரியை சொன்ன ஒரு வசனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டமாக்கிப் போட்டோம். இரண்டு மொழி அவனுக்குக் கொஞ்சம் கூடிப்போச்சோ தெரியாது, கொஞ்ச நாளைக்கு இங்கிலிஷ் மட்டும் கதைச்சுப் பாருங்களேன் என்றா அவ. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாங்களும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சொற்கள் பிந்தித்தான் வந்தன, வந்ததும் பாதிப் பாதி. ரீவீச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பான். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரித்தால் எங்கட முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தானும் சிரிப்பான். “குழப்படி. கேட்டும் கேளாத மாதிரி நடிக்கிறான்” என்றார் இவர். “தேப்பனும் சின்னனில உப்பிடித்தான், நாலு வயசுக்குப் பிறகுதான் வாய் திறந்தவன்” என்றா மாமி. நான் ஐபாட்டைக் குற்றம் சொன்னேன். ஒருத்தரும் காதைப் பற்றி நினைக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின மாரி முழுக்க நாங்கள் அவனுடைய காதோடுதான் மாரடித்தோம்.

நேர்சரிக்குப் போன முதல் மாரியில் மூன்று தரம் காதுக்குத்து வந்தது. பகலில் வெறும் தடிமன். இரவு படுக்கப் போட்டதும் தொடங்கும். காதைப் பிடித்துக்கொண்டு கத்துவான், பால் குடிக்க மாட்டான், உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். மூன்றாவது தரம் விடியப்புறம் பார்த்தால் தலையணையில் மஞ்சளாய் ஈரம். செவிப்பறை உடைந்து சீழ் வெளியே வந்திருந்தது. நான் அழுதுகொண்டு நிற்க, அவன் எழும்பியிருந்து விளையாடத் தொடங்கிவிட்டான். உள்ளே அடைபட்டிருந்த அமுக்கம் வெளியேறினதும் நோவு குறைந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்படி உடைகிற செவிப்பறை அநேகமாகச் சில கிழமைகளில் தானாகவே ஆறிவிடும் என்பதும் தெரியாது.

காரணம் கண்டுபிடிக்கிற வேலை எங்கட வீட்டில் உடனேயே தொடங்கிவிடும். தலை தோய வாத்தது பிழை என்றா மாமி. யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா, “தொப்பி போடாமல் பனிக்குள்ள கொண்டு திரிஞ்சனியே?” என்று வட்ஸ்அப்பில் கேட்டா. இரண்டும் இல்லை. நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கிற ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது சரிந்து கீழ்நோக்கி இருக்கும், காதுக்குள் சேருவது வழிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அது கட்டையாக, ஒடுக்கமாக, கிட்டத்தட்டக் கிடையாக இருக்கும். தடிமன் பிடித்ததும் குழாய் வீங்கி அடைபடுகிறது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குகிறது, அதில் கிருமி பெருகுகிறது. வியாதி உள்ளே இருந்து வருகிறதே தவிர, வெளியில் இருந்து தண்ணீரோடோ காற்றோடோ வருவதில்லை. நீந்தப் போகிற பெரிய பிள்ளைகளுக்கு வெளிக்காதில் வருகிற அழற்சி வேறு. அதில் காதுமடலைத் தொட்டாலே நோகும்.

அந்த எண்ணெய்க் கரண்டியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். உள்ளி போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய், இளஞ்சூட்டில் இரண்டு துளி. எனக்கும் சின்ன வயதில் விட்டிருக்கிறார்கள், நான் இன்றைக்கும் நல்லாய்த்தானே இருக்கிறேன் என்பதுதான் எல்லா வீட்டிலும் வருகிற வாதம். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிற கிருமியை முன்னால் விடுகிற எண்ணெய் தொடவே தொடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போகும். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று குசினியில் நின்று ஒருத்தருக்கும் தெரியாது. சூடு கொஞ்சம் கூடிப்போனால் பிள்ளையின் காது வெந்துபோகும். தாய்ப்பாலைக் காதுக்குள் பீய்ச்சுவதும் இப்படித்தான். பிள்ளை குடிக்கிற தாய்ப்பால் காதுத் தொற்றைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் அது வாயால் போக வேண்டிய சாமான். பஞ்சுக்குச்சியால் குறும்பி எடுக்கிற பழக்கத்தையும் இதோடு சேர்த்து விட்டுவிடலாம். மாமிக்கு இதையெல்லாம் நான் சொன்னபோது இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவவுக்குத் தெரிந்த ஒரு பிள்ளைத்தாச்சிக்குப் போனில் இதையே தன்னுடைய கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தா.

மாமியை மட்டும் சொல்லி நான் தப்ப முடியாது. என்னுடைய பிழை அன்ரிபயோட்டிக். முதல் தரம் ஜீபியிடம் போனபோது அந்த டொக்டர் காதைப் பார்த்துவிட்டு, நோவுக்குப் பரசிற்றமோல் கொடுங்கோ, மூன்று நாள் பாருங்கோ என்று அனுப்பினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கொதித்துக்கொண்டு வந்தேன். வெள்ளைக்காரப் பிள்ளையென்றால் மருந்து தந்திருப்பான் என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது எங்கட ஆக்கள் எத்தனை பேர் தலையாட்டுவார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

அந்தக் கோபத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. நான் வளர்ந்தது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில். மருந்துத் தடை, தட்டுப்பாடு. தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு போத்தல் அமொக்சிசிலினுக்காக அப்பா சைக்கிளில் கடை கடையாய் அலைந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கட வகுப்பில் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, சீழ் மணத்தோடு வருகிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். மருந்து கிடைத்தவன் தப்புவான், கிடைக்காதவன் கஷ்டப்படுவான் என்பதுதான் எங்களுக்குள் பதிந்த பாடம். அப்படி வளர்ந்தவளுக்கு, மருந்து நிறைந்த நாட்டில் ஒரு டொக்டர் மருந்து தராமல் அனுப்புவது அலட்சியமாகத்தான் படும்.

ஆனால் டொக்டர் சொன்னது சரி. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காதுத் தொற்று மூன்று நாளளவில் தானாகக் குறையும், சிலருக்கு ஒரு கிழமை எடுக்கும். அன்ரிபயோட்டிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோவு நிற்கிற வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வயிற்றோட்டமும் தோலில் தடிப்பும் மட்டும் அதிகம் வரும், கிருமிகளும் மருந்துக்குப் பழகிப்போகும். பிரித்தானியாவில் டொக்டர்மார் பின்பற்றுகிற நைஸ் அமைப்பின் வழிகாட்டலும் இதைத்தான் சொல்லுகிறது. அன்ரிபயோட்டிக் கூடுதலாக உதவுவது இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இரண்டு காதிலும் தொற்று இருக்கும்போதும், காதால் சீழ் வடியும்போதும். பிள்ளை கடுமையாகச் சுகமில்லாமல் இருந்தால் உடனே தருவார்கள். எங்களுக்கு மூன்றாவது தரம் சீழ் வந்தபோது அதே டொக்டர் ஒரு வார்த்தை பேசாமல் எழுதித் தந்தார். சில வேளைகளில், மூன்று நாளில் குறையாவிட்டால் மட்டும் எடுங்கோ என்று முன்கூட்டியே பிரிஸ்கிரிப்ஷன் தருவார்கள். அதை அன்றைக்கே எடுத்து ஊற்றிவிடுகிற ஆக்கள்தான் நாங்கள். அண்ணாவுக்கு மிஞ்சின போத்தலை பிரிட்ஜுக்குள் வைத்திருந்து தங்கச்சிக்குக் கொடுக்கிற வேலையும் எங்கட வீடுகளில் நடக்கிறது. செய்யாதேங்கோ.

முதல் இரண்டு மூன்று நாள் தேவை நோவு மருந்துதான். பரசிற்றமோல் அல்லது இபுப்ரோபென், போத்தலில் வயதுக்குப் போட்டிருக்கிற அளவில், நேரம் தவறாமல். பயந்து பயந்து அரைவாசி கொடுத்துவிட்டு வேலை செய்யேல்லை என்று சொல்லுகிறோம். அஸ்பிரின் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம். இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: 2024 ஜனவரி 31 முதல், 1 வயது முதல் 17 வயது வரையான பிள்ளைகளின் காதுத் தொற்றைப் பார்மசியிலேயே பார்க்கலாம். இந்தத் திட்டத்தில் சேர்ந்த பார்மசியில் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்து, தேவையென்றால் ஜீபி இல்லாமலே மருந்து தருவார்கள். காலை எட்டு மணிக்கு ஜீபிக்குப் போன் அடித்து வரிசையில் நிற்கிற எங்கட ஆக்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு சிவந்து வீங்கி, காதுமடல் முன்னுக்குத் தள்ளி நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கழுத்து விறைப்பு, எழுப்ப முடியாத மயக்கம், முகத்தின் ஒரு பக்கம் கோணல், கண்ணாடிக் கிளாசை அமத்திப் பார்த்தாலும் மறையாத தடிப்பு என்றால் 999. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் என்றாலே உடனடியாகக் காட்ட வேண்டும்.

இவ்வளவும் நோவு இருக்கிற காதின் கதை. நோவு இருந்தால் பிள்ளை கத்தும், நாங்கள் ஓடுவோம். எங்களை ஏமாற்றினது நோவே இல்லாத காது.

தொற்று ஆறின பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிவிடலாம். தொற்றே வராமலும் சேரலாம். நாள் போகப் போக அது பசை மாதிரித் தடிக்கும். அதனால்தான் இங்கே இதற்குக் குளூ இயர் என்று பெயர். காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை, பிள்ளை ஓடித்திரியும். ஆனால் செவிப்பறை அசைய முடியாமல் நிற்பதால் சத்தம் அமுங்கிப் போகும், இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி. பத்து வயதுக்கு முன் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு ஒரு முறையாவது இது வந்து போகிறது. அநேகமாக மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். வடியாமல் நிற்கிற பிள்ளைகளைத்தான் பிடிக்க வேண்டும். இது ஒரே அளவிலும் நிற்பதில்லை. தடிமன் உள்ள கிழமை கேட்காது, வெயில் வந்தால் கேட்கும். அதனால்தான் “விருப்பமெண்டால் கேக்குது, விருப்பமில்லாட்டில் கேக்கேல்லை” என்று பிள்ளைக்குப் பட்டம் கட்டுகிறோம். சொக்கலேற் என்று சொன்னால் திரும்புகிறான் என்பது இவருடைய பெரிய ஆதாரம். சொக்கலேற் கடதாசி கையில் இருப்பதைக் கண்ணால் கண்டு திரும்புகிறான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனையில் பாஸ் என்று சிவப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கு என்று நானும் சொல்லித் திரிந்தேன். அது பிறந்த அன்றைய காது. இரண்டு வயதில் வருகிற பசையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

உண்மையைக் கண்டுபிடித்தது பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர். மாதக் கணக்கில் காத்திருந்து போன சந்திப்பில் அவ கேட்ட முதல் கேள்வியே, காது டெஸ்ட் செய்தாச்சா என்பதுதான். இரண்டாவது கேள்வி, வீட்டில் என்ன மொழி. நான் கொஞ்சம் பெருமையோடு, இப்ப இங்கிலிஷ் மட்டும் என்றேன். அவ பேனையைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்டா.

பிறகு கேட்டல் பரிசோதனை. ஒவ்வொரு சத்தமும் கேட்கும்போது ஒரு மரப் பொம்மையைப் படகுக்குள் போடச் சொன்னார்கள். பெரிய சத்தங்களுக்குப் போட்டான். பிறகு பொம்மையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த இவருக்குக் கேட்டது. அவன் காத்துக்கொண்டே இருந்தான். இவர் எழும்பி யன்னல் பக்கம் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தார்கள், மாற்றம் இல்லை. தற்காலிகமாகக் கேட்கும் கருவி போடலாம், அல்லது குறொமெற் வைக்கலாம் என்றார்கள். செவிப்பறையில் சின்னத் துளை போட்டு வைக்கிற நுணுக்கமான குழாய்தான் குறொமெற். மயக்கம் கொடுத்துச் செய்கிற சின்ன ஒப்பரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம், குழாய் ஒரு வருஷத்துக்குள் அநேகமாகத் தானாக விழுந்துவிடும். கருவி என்றதும் மாமி, “ஊருக்குத் தெரிஞ்சால் நாளைக்குப் பெடியனுக்குக் கலியாணம் பேசுறது எப்பிடி?” என்றா. மூன்றரை வயதுப் பெடியனுக்கு! சிரிக்க வேண்டாம், வெட்கப்பட்டு கருவி வேண்டாமென்கிற வீடுகள் இருக்கின்றன. அதனால் பிள்ளை மேலும் ஒரு வருஷம் கேளாமல் இருக்கும். நாங்கள் குறொமெற்றைத் தெரிவு செய்தோம். அன்ரிபயோட்டிக்கோ தடிமன் மருந்தோ குளூ இயருக்கு உதவாது என்பதையும் அங்கேதான் தெளிவாகச் சொன்னார்கள்.

இப்போது அந்த ஏழு மாதத்துக்கு வருகிறேன். இரண்டு மொழி கேட்டு வளருவதால் பிள்ளைக்குப் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. பிரித்தானியாவின் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களின் றோயல் கல்லூரியே வீட்டு மொழியைக் கைவிடச் சொல்வதில்லை, அதைத் தொடரத்தான் சொல்கிறது. இரு மொழிப் பிள்ளைக்கு உண்மையில் ஒரு சிக்கல் இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். எங்கட மகனுக்கு இரண்டிலும்தான் தெரிந்தது. நாங்கள் ஒன்றை வெட்டிவிட்டோம். கேளாத காதுக்கு ஆங்கிலமும் கேட்காது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

நான் மொழியியல் படித்தவள் இல்லை, தாயாகக் கவனித்ததைச் சொல்கிறேன். தமிழில் பாதி விஷயம் சொல்லின் வாலில் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தாங்கள். வீட்டுக்கு, வீட்டில, வீட்டால. அந்த வாலைத்தான் நாங்கள் மெல்லமாக விழுங்கிக் கதைப்போம். அவன் எல்லாவற்றையும் “வந்தா”, “வீட்டு” என்று மொட்டையாகச் சொன்னபோது, இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் இவ்வளவுதான் வரும் என்று நினைத்தோம். அவனுக்குக் கேட்டதைத்தான் அவன் சொன்னான்.

வேறு மொழிக்கார வீடுகளிலும் குளூ இயர் வரும். ஆனால் ஒரே மொழி பேசுகிற வீட்டில் பிள்ளை பேசப் பிந்தினால் காதைப் பார்க்கச் சொல்லுவார்கள். எங்களிடம் உடனே குற்றம் சாட்ட ஒரு மொழி கையில் இருக்கிறது. நேர்சரியும் அதைத்தான் சாட்டும், உறவினரும் அதைத்தான் சாட்டுவார்கள், களைத்துப்போன தாய் தகப்பனும் அதைத்தான் சாட்டுவார்கள். இப்படி எத்தனை வீடுகளில் தமிழ் நின்று போயிருக்கும் என்று யோசிக்கிறேன்.

தமிழ்ப் பாடசாலைகள் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அனுமதிப் படிவத்தில் ஊர் கேட்கிறீர்கள், தகப்பனின் தொழில் கேட்கிறீர்கள். பிள்ளைக்கு அடிக்கடி காதுத் தொற்று வந்ததா, கேட்டல் பரிசோதனை செய்தீர்களா என்று ஒரு வரி ஏன் போடக்கூடாது? எங்கட வகுப்புகள் நடப்பது எதிரொலிக்கிற வாடகை மண்டபங்களில். ஒரு மூலையில் மிருதங்கம், மறு மூலையில் ஆத்திசூடி. அந்த இரைச்சலில் காது அமுங்கின பிள்ளை பின் வாங்கில் இருந்தால் அதற்கு ஒன்றும் போய்ச் சேராது. இவரே ஒத்துக்கொண்டார், பராக்குப் பார்க்கிறான் என்று தான் பின்னுக்கு அனுப்பின பிள்ளைகள் இருக்கிறார்களாம். இப்போது அப்படியான பிள்ளையை முன்னுக்கு இருத்தி, முகத்தைப் பார்த்துக் கதைக்கிறார். வீட்டிலும் அதுதான் முறை: ரீவீயை நிறுத்துங்கோ, கிட்டப் போங்கோ, குனிந்து பிள்ளையின் கண் மட்டத்தில் நின்று கதையுங்கோ. குசினியில் இருந்து மாடிக்குக் கத்துகிற எங்கட தேசியப் பழக்கம் இதற்கு உதவாது.

வராமல் தடுக்கிற வழிகள் கொஞ்சம்தான், ஆனால் இருக்கின்றன. பிள்ளை இருக்கிற வீட்டிலும் காரிலும் சிகரெட் வேண்டாம். காரில் பிள்ளை இருக்கப் புகைப்பது இங்கிலாந்தில் 2015 இலிருந்து சட்டப்படியே குற்றம். போத்தல் பாலைப் படுக்க வைத்துக் கொடுக்காதேங்கோ. ஆறு மாதத்துக்குப் பிறகு சூப்பியைக் குறைத்து விடுங்கோ. நியூமோகொக்கல் தடுப்பூசியைத் தவற விடாதேங்கோ.

குறொமெற் வைத்த மறுநாள் குசினியில் குக்கர் விசில் அடித்தது. அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்து என்னுடைய காலைக் கட்டிப் பிடித்தான். அதே குக்கர் மூன்று வருஷமாக அவனுக்குப் பக்கத்தில் விசில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பின்னேரம் மாமி வழக்கம்போலச் சத்தமாகச் சாப்பிடக் கூப்பிட்டா. கேட்கிறானில்லை என்று இத்தனை நாளும் கத்திப் பழகினவ. அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “அப்பம்மா, டோன்ட் ஷவுட்” என்றான்.

மாமி சிரித்தா, பிறகு அறைக்குள் போய் அழுதா. நானும்தான். கேட்டது சந்தோஷம். ஆனால் அது ஆங்கிலத்தில் வந்தது. ஏழு மாதம் நாங்கள் கொடுத்தது அதுதானே.

இப்போது ஐந்து வயது. மாமி அவனுக்குப் பக்கத்தில் இருந்து, மெல்லமாக, வாலை விழுங்காமல் கதை சொல்லுகிறா. அவன் தமிழில் கேட்கிறான், ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், இடைக்கிடை ஒரு “வந்தவை”, ஒரு “போட்டினம்”. ஒரு குழாய் விழுந்துவிட்டது, மற்றது இன்னும் இருக்கிறது. முழுகும்போது சவர்க்காரத் தண்ணீர் உள்ளே போகாமல் வசிலின் பூசின பஞ்சு வைக்கிறோம். அடுத்த மாதம் திரும்பப் பரிசோதனை. இந்த மாரியில் தடிமன் பிடித்ததில் இருந்து ரீவீச் சத்தம் மறுபடி கொஞ்சம் கூடியிருக்கிறது. இந்த முறை கண்டுபிடித்து வந்து சொன்னது மாமிதான்.